குதிரை ஏற்றிப் போகும் வண்டியில் தீ: புதியவர்கள் செய்யும் தப்புகள்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்ததும் சேலம் பக்கம் மினி லாரிகளில் குதிரைகள் வரத் தொடங்கும். சில ஏற்காட்டுக்குச் சவாரிக்கு ஏறும். உடம்புக்கு முடியாத குதிரை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இறங்கும். ஓட்டுகிறவர்களில் பலர் அதுவரை தக்காளியும் செங்கல்லும் ஏற்றியவர்கள். தீ என்றால் அவர்களுக்கு வைக்கோலும் பீடியும்தான் நினைவுக்கு வரும். வண்டியின் தரைப் பலகைக்கு அடியில் பிடிக்கிற தீயை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பிரேக்கில் கால் வைத்தபடியே மலை இறங்குவது

இந்த ஒன்றைத்தான் எத்தனை முறை சொன்னாலும் மறுபடி செய்கிறார்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். இரண்டரை டன் வண்டி அவ்வளவு உயரத்தையும் வெறும் பிரேக்கை நம்பி இறங்கினால், அரை லிட்டர் டீசலை எரித்த அளவுக்குச் சூடு நான்கு சக்கரங்களுக்குள் போய்ச் சேரும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். நல்ல மனசோடு இதே தப்பைச் செய்கிறவர்கள்தான் வருத்தம் தருகிறார்கள். “குதிரைக்கு ஆட்டம் கொடுக்காம இறக்கோணும்ங்க” என்று பெடலை லேசாக மிதித்தபடியே வருவார்கள். அழுத்தம் குறைவுதான், ஆனால் பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங், சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஆற ஒரு நொடி கிடைக்காது. முதலில் கருகல் வாடை வரும். டிரம் சூட்டில் விரிந்து, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அப்புறம் சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கிற கிரீஸ் உருகி வழிந்து பற்றிக்கொள்ளும். அடுத்தது டயர். டயருக்கு மேலே கையெட்டும் உயரத்தில் பலகை, பலகைமேல் காய்ந்த வைக்கோல், வைக்கோல்மேல் குதிரை.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவதில் இறங்கியும் வண்டி ஓடப் பார்த்தால் முதலாவது. வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். திடீரென்று அடிக்காமல் முன்கூட்டியே மிதித்தால் குதிரை தடுமாறாது. நடுவில் ஒன்றிரண்டு இடங்களில், அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்தருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். மூன்று சக்கரம் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் பார்க்காமல் அதோடு நகரக் கூடாது.

இன்னொரு விஷயம். ஓடும்போது காற்று பட்டு ஓரளவு ஆறிக்கொண்டிருந்த டிரம், வண்டி நின்றதும் சூட்டை ஹப்புக்கும் டயருக்கும் ஏற்றும். அதனால்தான் அடிவாரத்துக்கு வந்து நிறுத்தி, டீக்கடையில் உட்கார்ந்த பிறகு புகை கிளம்புகிறது. வாடையோ புகையோ இல்லையென்றால் சமதளத்தில் பிரேக் தொடாமல் ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இருபது நிமிடம் வண்டியை விட்டு நகராதீர்கள். டீ வண்டிக்கே வரட்டும்.

புகை ஏற்கெனவே வந்துவிட்டதா? உடனே நிறுத்துங்கள், குதிரையை இறக்குங்கள். தீயில்லாமல் வெறும் சூடாக இருக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிப்பு விடும். தீ பற்றிவிட்டால் டிரம்மைப் பற்றிக் கவலைப்படாமல் ஊற்றுங்கள். தீயணைப்பு சிலிண்டரின் பவுடர் அடித்தால் டயர் தீ அடங்கும், ஆனால் ரப்பர் ஆறாது, மறுபடி பற்றும். அதனால் பின்னாலேயே தண்ணீர் போக வேண்டும். டயர் வெடித்தால் பக்கவாட்டில்தான் சிதறும், ஆகவே சக்கரத்துக்கு முன்புறமோ பின்புறமோ நின்று அணையுங்கள். இதற்கெல்லாம் இரண்டு ஆள் வேண்டும். தனியாகக் குதிரை ஏற்றிப் போகாதீர்கள்.

பின்கதவைக் கட்டுக்கம்பியால் முறுக்கிவைப்பது

கொக்கி தளர்ந்திருக்கும், கம்பி போட்டு முறுக்கிவிடுவார்கள். கட்டிங் பிளேயர் டூல் பெட்டியில், டூல் பெட்டி சீட்டுக்கு அடியில். கொக்கியை வெல்டிங் பட்டறையில் சரிசெய்யுங்கள். இறங்கப் பலகையும் வண்டியிலேயே இருக்கட்டும். சந்தையில் மேட்டில் அணைத்து ஏற்றியிருப்பீர்கள். வழியில் மேடு தேடி ஓட முடியாது. மலைப்பாதையில் நேரம் இருந்தால் பின்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், குதிரை குதிக்க வேண்டிய உயரம் குறையும்.

நைலான் கயிறு

உருகி முடிச்சு இறுகும், முகத்தில் ஒட்டும். பயணத்துக்குப் பருத்திக் கயிறு, நுனியை ஒரே இழுப்பில் அவிழ்க்கிற முடிச்சு. கேபினில் ஒரு கத்தி, பின்னால் கைக்கெட்டும் இடத்தில் ஒன்று. கால்கட்டு போடவே போடாதீர்கள்.

பேட்டரியிலிருந்து நேரடி வயர்

சீரியல் லைட்டுக்கும் ஹாரனுக்கும் ஃப்யூஸ் இல்லாமல் இழுத்த வயர், பாடி ஓட்டை வழியே ரப்பர் புஷ் இல்லாமல் போயிருக்கும். தகரம் அறுத்துவிடும். குதிரை மூத்திரம் பலகை இடுக்கில் வடிந்து அடியிலுள்ள ஜாயின்டை அரித்துவிடும். தக்காளி லோடில் இந்தத் தொல்லை கிடையாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வையுங்கள். குதிரை லோடு முடிந்ததும் அடிப்பக்கத்தைக் கழுவிப் பார்த்துவிடுங்கள்.

வைக்கோல்

தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஈரமான நார்த்தூள். தீவன வைக்கோலை நனைத்துச் சாக்கில் கட்டுங்கள். சைலன்சர் பக்கம் தார்ப்பாயோ கயிறோ தொங்கக் கூடாது.

பீடி

வேண்டாம்.

கேபினில் ஒரு கிலோ தீயணைப்பு சிலிண்டர்

பத்து நொடி வாக்கில் காலியாகும். 4 அல்லது 6 கிலோ ஏபிசி பவுடர் இரண்டு: ஒன்று கேபினில், ஒன்று பின்பக்கம் வெளியே. வண்டி குலுங்கிக் குலுங்கிப் பவுடர் கட்டிப்போகும்; மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா பாருங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, குடிக்கக் கொடுத்தது போக நிறைந்திருக்க வேண்டும்.

இறக்கிய பிறகு அவிழ்த்துவிடுவது

பயந்த குதிரை திரும்ப அதே வண்டிக்கே ஓடும், அல்லது எதிரே வரும் பஸ்ஸில் போய் மோதும். ஈரத்துண்டால் கண்ணை மறைத்து, காற்று வரும் திசையில் தள்ளிக் கூட்டிப்போய்க் கட்டுங்கள். கோவேறு கழுதைகளும் கூட இருந்தால் பெண் குதிரையை முதலில் இறக்குங்கள், அவை அதன் பின்னாலேயே வரும். தீயணைப்புக்கு 101 அல்லது 112, கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. குதிரை நன்றாக நின்றாலும் புகை குடித்திருந்தால் நுரையீரல் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சவாரிக்கு விட வேண்டாம். அதுவரை தூசி பறக்காதபடி வைக்கோலை நனைத்தே போடுங்கள்.