மருத்துவ பீட நேர்முகப் பரீட்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்தானிய மருத்துவ பீடங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை நேர்முகப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துவது என் வேலை. இந்தப் பணியில் புதிதாக இறங்கும் ஆசிரியர்கள், தொடக்கத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே திரும்பவும் விடுவதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். நேரத்துக்குப் போவது, நேர்த்தியாக உடுப்பது போன்றவற்றை எவரும் சொல்லித் தரலாம், அவற்றை விட்டுவிடுகிறேன்.

புள்ளி காப்பாற்றும் என்று நம்புவது

எங்கள் நாட்டு அரச மருத்துவ பீடங்களுக்கான தெரிவில் நேர்முகப் பரீட்சைக்கு இடமில்லை. 2001 முதல், உயர்தரப் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடக்கூடியவாறு மாற்றிக் கணக்கிடும் இசற் புள்ளியே (Z-score) எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கிறது. 1978இல் தொடங்கிய எங்கள் யாழ் மருத்துவ பீடத்துக்கும் இதே வழிதான். இந்த ஒழுங்கில் வளர்ந்த பெற்றோர், வெளிநாட்டிலும் பெறுபேறு நன்றாக இருந்தால் நேர்முகம் வெறும் சடங்கு என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே பெறுபேறும், மருத்துவ பீட அனுமதிக்கான யூகற் (UCAT) உளச்சார்புப் பரீட்சைப் புள்ளியும் பெரும்பாலும் நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வரைக்குமே உதவுகின்றன. அதன் பின்னர் சில பீடங்கள் நேர்முகப் புள்ளியை மட்டும் வைத்து வரிசைப்படுத்துகின்றன. வேறு சில, யூகற் புள்ளியையோ கல்விப் பெறுபேற்றையோ அதனுடன் சேர்த்துக் கணக்கிடுகின்றன. விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு நான்கு தெரிவுகளே உண்டு, முடிவு நாள் ஒக்டோபர் 15 என்பதால், எந்தப் பீடம் எதற்கு எவ்வளவு நிறை கொடுக்கிறது என்பதை அதற்கு முன்னரே வாசித்தறிய வேண்டும். யூகற்றில் வலுவாகவும் பேச்சில் தயக்கமாகவும் உள்ள பிள்ளை, நேர்முகத்தை மட்டும் பார்க்கும் பீடங்களால் நான்கு இடங்களையும் நிரப்புவது பெரும் நட்டம்.

மாதிரி விடையைப் பாடமாக்குவது

எத்தனை வருடம் போனாலும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது. ரியூட்டரிகளில் கைமாறும் மாதிரி விடைக் கொப்பிகள், உயர்தரக் கட்டுரை வினாவுக்குப் பழகிய பிள்ளைகளின் கையில் மிக இலகுவாகப் பொருந்திவிடுகின்றன. நேர்முகம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பயிற்சியை நான் தமிழிலேயே தொடங்குவேன்; கேட்கப் பழகிய பிறகு மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியொரு பயிற்சியில், நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்க மறுக்கும் ஆச்சியாக நான் நடித்தேன். மிகத் திறமையான ஒரு பிள்ளை எதிரே இருந்து, தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்னும் நான்கு அறநெறிகளையும் ஒழுங்காக விளக்கி, "மருந்து எடுக்கிறதும் விடுறதும் உங்கட உரிமை, ஆச்சி" என்றார். நான் இடையில், "அந்தக் குளிசையைப் போட்டா வயித்தைப் பிரட்டுது, பிள்ளை" என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு மூன்றாவது நெறிக்குப் போனார். எப்போதிருந்து பிரட்டுகிறது, சாப்பிட முன்னரா பின்னரா போடுகிறீர்கள், கிளினிக்கில் வைத்தியரிடம் சொன்னீர்களா என்று அவர் கேட்கவேயில்லை. ஆச்சி மறுத்ததன் காரணம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

பரீட்சகர் அங்கே மருந்தியல் அறிவைச் சோதிப்பதில்லை. மெற்போமின் குமட்டலை உண்டாக்கும் என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிரே இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாடமாக்கிய பிள்ளையின் கவனம் முழுவதும் அடுத்த வரியை மறக்காமலிருப்பதில் போய்விடுவதால், அறிவு இருந்தும் காது மூடிவிடுகிறது. இந்தத் தவறால் நான்கு பீடங்களும் மறுத்துவிட்டால் அடுத்த ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வருடம் என்னவென்று இங்குள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆசிரியர்களே, தயவுசெய்து அந்தக் கொப்பிகளைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அயலிலுள்ள முதியவர் ஒருவரிடம் அனுப்பி, அவருடைய மருந்துகளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டு வரச் செய்யுங்கள்.

முந்திய அறையின் தோல்வியைச் சுமந்து செல்வது

பெரும்பாலான பீடங்கள் பல சிறு நேர்முகங்களை அடுத்தடுத்து வைக்கின்றன. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையின் நோக்கமே, ஒரு பரீட்சகரின் மனப்பதிவு முழு முடிவையும் ஆளாமல் தடுப்பதுதான். ஒவ்வொரு அறையிலும் வேறொரு பரீட்சகர் தனியாகப் புள்ளியிடுகிறார். மணி அடித்ததும் முந்திய அறையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

வைத்தியசாலையில் நின்ற நாட்களை எண்ணிச் சொல்வது

அனுபவத்துக்காக வைத்தியசாலையில் எத்தனை நாள் நின்றீர்கள் என்பதை விட, அங்கே கண்ட ஒன்று உங்கள் எண்ணத்தை எப்படி மாற்றியது என்பதற்கே புள்ளி.

உள்ளூர்ப் பெறுபேறு எங்கும் செல்லும் என்று எண்ணுவது

எல்லாப் பீடங்களும் இலங்கை உயர்தரத்தை ஏற்பதில்லை.

நேர வித்தியாசத்தை மறப்பது

இணையவழி நேர்முகங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கின்றன. அப்போது அவர்களின் காலை 9 மணி எங்களுக்குப் பிற்பகல் 2.30 மணி.