பிரமாணப் பத்திரத்தில் வந்த பொய்யை நான் எதிர்கொண்ட விதம்

விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், ‘மகளின் படிப்பையோ உடல்நலத்தையோ தந்தை கண்டுகொள்வதே இல்லை’ என்று இருந்தது. படித்ததும் ரத்தம் கொதித்தது. ஆத்திரத்தில் எழுதும் மறுப்பு நீதிபதிக்கு இன்னொரு குற்றச்சாட்டாகவே தெரியும் என்றார் என் வழக்கறிஞர். முற்றிலும் சரி.

பத்திரத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்தேன். மகளைத் தொடாத அவதூறுகளுக்கு ‘மறுக்கிறேன்’ என்று ஒரே வரி. பதிலே சொல்லாமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படலாம். பராமரிப்பு உரிமையைப் பாதிக்கும் பொய்களுக்கு மட்டும் ஆவணம் தேடினேன். நான் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை என்று சொல்லப்பட்ட அதே காய்ச்சலின்போது, அனுமதிப் படிவத்தில் இருந்தது என் கையெழுத்து! பள்ளியின் பெற்றோர் சந்திப்புப் பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்கினேன். குறுஞ்செய்திகளை வெட்டாமல், தேதியோடு முழு உரையாடலாகவே கொடுத்தோம். துண்டு துண்டாகக் கொடுத்தால் சந்தேகம் நம்மீதே திரும்பும்.

குறுக்கு விசாரணையில் என் வழக்கறிஞர் முதலில் அந்தக் காய்ச்சலின் தேதியை எதிர்த்தரப்பின் வாயாலேயே உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகே படிவத்தை நீட்டினார்.

பொய்ச் சாட்சியத்துக்குத் தனி வழக்குப் போடு என்று உறவினர்கள் தூண்டினார்கள். மறுத்துவிட்டேன். மகளோடு இருக்கும் நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அவளைச் சாட்சியாக இழுக்கவும் நான் சம்மதிக்கவில்லை. தீர்ப்பில் வார இறுதிகளும் விடுமுறையில் பாதியும் எனக்குக் கிடைத்தன.