காகிதத்தில் ஹினப் பொம்மை ஜோடியும் அதற்கு ஏற்ற இனிப்புப் பெட்டியும்

ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பண்டிகையில் வைக்கும் ஹினப் பொம்மையை முதல் தடவை செய்தபோது நான் கோட்டை விட்டது கழுத்துப்பட்டியில். கிமோனோவின் இரண்டு முன் ஓரங்களில் எது மேலே வரவேண்டும் என்று யோசிக்கவே இல்லை, கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டேன். ஜப்பானில் உயிரோடு இருப்பவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, எப்போதும் உடுத்துபவரின் இடப்பக்க ஓரம்தான் மேலே. வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்திவிடும் முறை. பெண் குழந்தை நோய் நொடியில்லாமல் வளரட்டும் என்று வைக்கிற பொம்மைக்குப் பிணத்தின் உடையை மாட்டிவிட்டு, ஆகா என்ன அழகு என்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டிருந்தேன். பெட்டி கொஞ்சம் கோணலாக வரட்டும், முகம் கொஞ்சம் அசடாக வரட்டும், ஆனால் இது மட்டும் தப்பக்கூடாது. எப்படி என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஹினமத்சுரி என்கிற அந்தப் பொம்மைப் பண்டிகை மார்ச் 3-ம் தேதி. பெண் குழந்தை இருக்கும் வீடுகளில் சிவப்புத் துணி விரித்துப் பொம்மைகளை அடுக்குவார்கள். முழு வரிசை என்றால் ஏழு படி, 15 பொம்மைகள்: மேல் படியில் பேரரசரும் பேரரசியும், அதற்குக் கீழே மூன்று பணிப்பெண்கள், ஐந்து இசைக்காரர்கள், இரண்டு அமைச்சர்கள், மூன்று ஏவலாட்கள். அத்தனையும் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஜப்பானிலேயே பல வீடுகளில் மேல் படி ஜோடி மட்டும்தான் வைக்கிறார்கள். நாமும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். காகிதத்தில் செய்வதில் குறையும் ஒன்றுமில்லை. இந்தப் பொம்மைகளின் பூர்வீகமே காகிதம்தான். காகித உருவத்தை உடம்பில் தடவி, தீட்டையும் நோயையும் அதில் இறக்கி, ஆற்றில் விட்டுவிடுவார்கள். பட்டு உடுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்ததெல்லாம் பிற்பாடு வந்தது.

நான் செய்வது இப்படி: பொம்மைக்கு ஒன்று என இரண்டு சாய்சதுரப் பெட்டிகள், ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு பொம்மை. சாய்சதுரம் ஏன் என்றால் இந்த நாளுக்கென்றே செய்யும் ஹிஷிமொச்சி என்கிற அரிசிப் பலகாரம் அந்த வடிவத்தில்தான் இருக்கும். கீழே பச்சை, நடுவில் வெள்ளை, மேலே இளஞ்சிவப்பு. பனிக்கு அடியில் புல் முளைக்கிறது, பனிக்கு மேலே பீச் பூ பூக்கிறது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பெட்டியிலும் அந்த மூன்று நிறத்தையும் அதே வரிசையில் கொண்டுவந்துவிடலாம், இது ரொம்பச் சுலபம்.

பெட்டிக்கு 200 ஜி.எஸ்.எம். கனத்தில் பச்சை அட்டை ஒன்று, இளஞ்சிவப்பு அட்டை ஒன்று. உடைக்கு சியோகாமி என்கிற பூ வேலைப்பாடு போட்ட ஜப்பானியக் காகிதம் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் சின்னச் சின்ன டிசைன் போட்ட எந்த மெல்லிய காகிதமும் சரி. டிசைன் சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் நம் பொம்மை ஐந்தாறு சென்டிமீட்டர்தான், அதில் பெரிய ரோஜா போட்ட காகிதத்தைச் சுற்றினால் பாதி இதழ்தான் தெரியும், பார்ப்பதற்குப் போர்வை போர்த்திய மாதிரி இருக்கும். இவை போக ஸ்கேல், காம்பஸ், கட்டர், டபுள் சைடு டேப், க்ளூ ஸ்டிக், மை தீர்ந்துபோன ஒரு பால்பாயிண்ட் பேனா. அந்தப் பேனாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மடிக்க வேண்டிய கோட்டின் மேல் அதை அழுத்தி ஓட்டினால்தான் அட்டை விரிசல் விடாமல் கத்தி மாதிரி மடியும்.

முதலில் பெட்டி. பச்சை அட்டையின் நடுவில் 10.4 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு, அதன் நடுப்புள்ளியில் குறுக்காக 6 செ.மீ. கோடு. நான்கு முனைகளையும் சேர்த்தால் பக்கத்துக்கு 6 செ.மீ. உள்ள சாய்சதுரம் வந்துவிடும், கோணமானி தேவையே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வெளிப்புறமாக, சரியாகச் செங்குத்தாக, 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு செவ்வகம் வரையுங்கள், அவைதான் சுவர்கள். ஒவ்வொரு சுவரின் ஒரு முனையில் மட்டும் 1 செ.மீ. ஒட்டுநாக்கு. நான்கு சுவருக்கும் ஒரே திசையில் போய்க்கொண்டே இருங்கள், அப்போதுதான் ஒரு மூலையில் இரண்டு நாக்கு, இன்னொரு மூலையில் ஒன்றுமே இல்லை என்கிற கூத்து வராது. நாக்கின் ஓரங்களைச் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே முட்டும். எல்லாக் கோடுகளையும் பேனாவால் அழுத்தி, மடித்து, டேப் போட்டு ஒட்டினால் பெட்டி. இளஞ்சிவப்பில் மூடிக்கும் இதே கதைதான். பக்கம் 6.2 செ.மீ., நீளக் கோடு 10.7, குறுக்குக் கோடு 6.2, சுவர் உயரம் 1.5. அந்த 2 மி.மீ. வித்தியாசம் போதும். அதிகமாக விட்டால் தொளதொளக்கும், விடாமல் இருந்தால் மூடும்போது மூலை கிழியும்.

வெள்ளை எங்கே என்று கேட்பீர்கள். சாதாரண வெள்ளைத் தாளில் 2.2 செ.மீ. அகலம், 24.5 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பச்சைப் பெட்டியின் வாய் ஓரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுற்றி ஒட்டுங்கள். மூடி 1.5 செ.மீ.யை மறைத்துவிடும், கீழே 7 மி.மீ. வெள்ளை தெரியும், அதற்கும் கீழே பச்சை. மூடியதும் பலகாரமே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒட்டுவதே ஒத்துவராது என்பவர்களுக்கு, அல்லது சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்பவர்களுக்கு, மாசு பெட்டி இருக்கிறது. அரிசி அளக்கிற மரப்படிக்கு ஜப்பானில் மாசு என்று பெயர், அதே வடிவத்தில் ஓரிகாமி. 15 செ.மீ. சதுரக் காகிதத்தில் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களை நடுவுக்குக் கொண்டுவந்து மடிப்பு விழ வைத்து, இரண்டு மூலைகளை மட்டும் திறந்து சுவரை எழுப்பி மற்றதை உள்ளே செருகுவது. 5.3 செ.மீ. அகலமும் 2.6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் உயரமும் வரும். மூடி வேண்டுமென்றால் அடிப்பெட்டிக்கான காகிதத்தில் மட்டும் இரண்டு பக்கமும் 4 மி.மீ. வெட்டிவிட்டு மடியுங்கள்.

இப்போது பொம்மை. வெள்ளை அட்டையில் 5 செ.மீ. ஆரத்துக்கு ஓர் அரைவட்டம், நேர் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் ஒட்டுநாக்கு. சுருட்டும் முன் அட்டையை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு திசையில் சொன்னபடி கேட்கும், இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். கேட்கிற திசையிலேயே சுருட்டுங்கள், இல்லாவிட்டால் கூம்பில் முகடு முகடாக விழும். கூம்பின் அடி 5 செ.மீ. அகலம் வரும், மூடியின் நடுவில் கச்சிதமாக உட்காரும். உச்சியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் தலைக்கு இடம்.

தலைக்கு மர மணி வைப்பவர்கள் உண்டு. மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம், கழன்று வாய்க்குப் போய்விடும். டிஷ்யூ பேப்பரை இறுக்கி உருட்டி, மேலே ஒரு வெள்ளை மெல்லிய காகிதத்தைப் போர்த்தி, கீழே முறுக்கி, அந்த முறுக்கைக் கூம்புக்குள் விட்டு ஒட்டிவிடுங்கள். 2 செ.மீ. தலை போதும். முகத்துக்குப் பழைய ஜப்பானிய ஓவியங்களில் ஒரு வழக்கம் உண்டு, ஹிகிமே ககிபனா என்பார்கள்: கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு சின்னக் கொக்கி, அவ்வளவுதான். ஓவியம் வராத நமக்கு இதைவிட வேறு என்ன வரம் வேண்டும்? கருப்புப் பேனா வேண்டாம், கூராகச் சீவிய பழுப்புப் பென்சில் போதும். கண் கோடுகளை முகத்தின் பாதிக்குக் கொஞ்சம் கீழே போட்டால் குழந்தை முகம் வந்துவிடும். வாய்க்கு ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

சரி, கழுத்துப்பட்டி. பேரரசியின் உடைக்கு ஜூனிஹிதோயே என்று பெயர், பன்னிரண்டு அடுக்கு என்று பொருள். கழுத்தோரத்திலும் கையோரத்திலும் வரிசை வரிசையாக நிறம் எட்டிப் பார்ப்பதுதான் அதன் அழகே. எந்த நிறத்துக்கு அடியில் எந்த நிறம் வரலாம் என்பதற்கே கசனே நோ இரோமே என்று ஒரு தனி ரசனை வைத்திருந்தார்கள். நமக்கு நான்கு அடுக்கு போதும். நான்கு நிறத்தில் 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளப் பட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். மடிப்பு ஓரம் மேலே இருக்கும்படி வெள்ளையை வைத்து, அதன் மேல் அடுத்த நிறத்தை 1 மி.மீ. கீழே இறக்கி ஒட்டுங்கள், அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று. இங்கே ஸ்கேல் எல்லாம் உதவாது, கண்ணளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டவேண்டிய ஒரே இடம் இது. ஒரு பட்டை கோணிக்கொண்டால் அதை உரித்து எடுக்க முயலாதீர்கள், புதிதாக வெட்டிக்கொள்வது சீக்கிரம் முடியும். வெள்ளை கழுத்தை ஒட்டியும், அடர்ந்த நிறம் வெளியேயும் வரவேண்டும்.

நான்கும் சேர்ந்த பட்டையைப் பென்சிலில் சுற்றிக் கொஞ்சம் வளைவு கொடுத்து, பின்கழுத்திலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். பொம்மையின் வலப்பக்க முனையை, அதாவது நம் இடதுகைப் பக்கமாக வருவதை, முதலில் மார்பில் ஒட்டுங்கள். அதன் மேல் பொம்மையின் இடப்பக்க முனை. பொம்மை நம்மைப் பார்த்து இருக்கும்போது, மேலே கிடக்கும் பட்டை நம் வலது பக்கத்தில் தொடங்கி இடது பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். ஒட்டும் முன் உங்கள் சட்டைமேலேயே கையை வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், நான் இன்னமும் அப்படித்தான் செய்கிறேன்.

மேலங்கிக்கு டிசைன் காகிதத்தில் 5.3 செ.மீ. ஆர அரைவட்டம், நேர் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக, நடுவில் 1.2 செ.மீ. ஆரத்துக்குக் கழுத்து வெட்டு. கூம்பின் மேல் சுற்றி, முன்னால் அதே முறையில், இடது மேலே வர ஒட்டினால் பட்டையின் வால் எல்லாம் உள்ளே மறைந்துவிடும். கைகளுக்கு 8-க்கு 4 செ.மீ. துண்டுகளை இரண்டாக மடித்து, உள்ளே வேறு நிறக் காகிதத்தை 2 மி.மீ. வெளியே தெரியும்படி வைத்து, தோளில் மேல் மூலையை மட்டும் ஒட்டுங்கள். பேரரசருக்கு இரண்டு கையும் விறைப்பாகப் பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும், பேரரசிக்கு முன்னால் மடங்கியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தாலே யார் யார் என்று தெரிவது இதனால்தான். அவர் கையில் பட்டையான ஒரு கோல், ஐஸ்கிரீம் குச்சி நிறத்தில் ஓர் அட்டைத் துணுக்கு போதும். அவள் கையில் மடிப்பு மடிப்பாக மடித்த விசிறி. அவருக்குக் கருப்புத் தொப்பி, அதன் பின்னாலிருந்து நேரே மேலே நிமிர்ந்து நிற்கும் ஒரு வால் பட்டை. அவளுக்குக் கருப்பு க்ரேப் காகிதத்தில் நெற்றியிலிருந்து பின்னால் வாரி முதுகில் நீளமாக விழும் கூந்தல்.

பின்னால் வைக்கத் தங்க நிறக் காகிதத்தில் 24-க்கு 7 செ.மீ. துண்டை ஆறாக மடித்தால் மடக்குத் திரை ஆயிற்று. பூ வைக்க ஆசைப்பட்டால் ஐந்து இதழ்ப் பூக்களை வெட்டுங்கள், ஆனால் இதழ் முனை கூராக இருக்கட்டும். இந்த நாளுக்கு மொமோ நோ செக்கு, அதாவது பீச் நாள், என்றும் பெயர் உண்டு. இதழ் முனையில் சின்ன வெட்டு விழுந்தால் அது செர்ரி, முனை உருண்டையாக இருந்தால் உமே என்கிற ப்ளம். தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உள்ளே போட ஹினஅராரே, வேறென்ன. தோக்கியோ பக்கத்தில் இது அரிசியைப் பொரித்து இளஞ்சிவப்பும் பச்சையுமாக இனிப்புப் பூசியது, ஒசாகா, கியோத்தோ பக்கத்திலோ உருண்டையாக, சோயா சாஸ் போட்ட உப்பு ருசி. இனிப்பு என்று நினைத்து வாயில் போட்டு முகம் மாறுபவர்களும், அதற்கு நேர்மாறாக மாறுபவர்களும் உண்டு, ஆகவே தரும்போது எது என்று சொல்லிவிடுங்கள். கொன்பெய்தோ என்கிற முள்ளு முள்ளான சர்க்கரை மிட்டாயும் அழகாக இருக்கும். எதுவானாலும் நேரடியாக அட்டையில் கொட்டாதீர்கள், சாயமும் பசையும் ஒட்டும், பொரியும் ஒரே நாளில் நமத்துப்போகும். சின்ன செலோஃபேன் பையில் கட்டி உள்ளே வையுங்கள். ஈரமான மொச்சி அரிசிப் பலகாரத்தை இந்தப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

ஜோடியை எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சி. ஜப்பானின் பெரும்பாலான இடங்களில் நம் பார்வைக்கு இடப்பக்கம் பேரரசர், கியோத்தோவில் வலப்பக்கம். பழைய அரசவையில் உட்கார்ந்திருப்பவரின் இடக்கைப் பக்கம்தான், அதாவது நம் பார்வைக்கு வலப்பக்கம்தான், உயர்ந்த இடம், அதைக் கியோத்தோ விடவில்லை. இரண்டும் சரிதான். முதல் நாள் ராத்திரி அவசர அவசரமாகப் பொம்மைகளை அடுக்குவதைத்தான் விரும்ப மாட்டார்கள், அதனால் பிப்ரவரி நடுவிலேயே செய்து முடித்துவிடுங்கள். மார்ச் 3 முடிந்ததும் சீக்கிரம் எடுத்து வைத்துவிட வேண்டும், தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தாமதமாகும் என்று ஒரு நம்பிக்கை. அது கிடக்கட்டும், காகிதம் வெயிலில் வெளுக்கும் என்பதற்காகவாவது எடுத்து வையுங்கள்.

ஆற்றில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கியோத்தோவின் ஷிமொகாமோ கோயிலில் வைக்கோலில் பின்னிய வட்டத் தட்டில் ஜோடியை வைத்து ஓடையில் விடுவார்கள், தொத்தோரி பகுதியின் மொச்சிகாசேயில் பழைய சந்திர நாட்காட்டிப்படி செய்வார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் பொம்மையையும் விடலாமே என்று கிளம்பாதீர்கள், இதில் டேப் இருக்கிறது, தங்கக் காகிதம் இருக்கிறது. மூடியிலிருந்து கூம்பை மெல்லப் பிரித்து, நசுங்காதபடி இதைவிடப் பெரிய பெட்டி ஒன்றில் படுக்கவைத்து மூடிவிடுங்கள். அடுத்த பிப்ரவரிக்குக் கழுத்துப்பட்டி ஒட்டும் வேலையாவது மிச்சம்.