தேடு என்று அடித்தால் கிடைக்க வேண்டும்

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ஒரு சொல்லுக்காக நாலு அகராதி, ஏழு பக்கம் என்று மேய்வதும், "அப்புறம் பார்க்கலாம்" என்று உலாவியின் நட்சத்திரத்தை அழுத்தி வைப்பதும் பல வருடப் பழக்கம். அப்படிச் சேர்ந்த புக்மார்க்குகளை ஒருநாள் எண்ணினேன். 2,300-க்கு மேல். பாதி "மற்றவை" என்ற ஒரே பெட்டியில் கிடந்தன. அந்தப் பெட்டியைக் கிளறுவதைவிட தேடுபொறியில் புதிதாகத் தேடுவதே சுலபமாக இருந்தது. அப்படியென்றால் சேர்த்து வைத்தது எதற்கு?

இப்போது எல்லாம் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் திரையில், இருக்கின்றன. அக்கா மகள் முதலில் பார்த்தபோது, "என்ன மாமா, இந்தக் காலத்துல போய் கறுப்புத் திரையா?" என்று சிரித்தாள். போன மாதம் அவளே போன் செய்து, "அதை எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றாள். அவளுக்குப் போனில் சொன்னபடியே இங்கும் எழுதுகிறேன். கட்டளைகளை எழுத்துக்கூட்டிச் சொல்வேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

நான் பயன்படுத்தும் கருவியின் பெயர் புக்கு. பி, யூ, கே, யூ என்ற நான்கு எழுத்து. முதல் எழுத்து பாம்பேயின் பி. அருண் பிரகாஷ் ஜானா எழுதிய இலவச மென்பொருள், திறந்த மூலம். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓடுகிறது, எல்லாவற்றையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பு ஒன்றில் சேமிக்கிறது. மென்பொருள் நிறுவும் கருவிகளான ஆப்ட் வழியாக உபுண்டுவிலும் டெபியனிலும், ஹோம்ப்ரூ வழியாக மேக்கிலும் நிறுவலாம். மற்ற இடங்களில் பைத்தான் இருந்தால் அதன் நிறுவும் கருவியான பிப் போதும். நிறுவுவதற்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பழைய புக்மார்க்குகளைக் கொண்டுவர, புக்கு என்று அடித்து, இடைவெளி விட்டு, இரட்டைக் கோடு (அடுத்தடுத்து இரண்டு ஹைபன்) போட்டு ஏ-ஐ என்று சேர்த்து அடியுங்கள். கணினியில் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் போன்ற உலாவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, எடுக்கட்டுமா என்று கேட்கும். அதற்கு முன் உலாவியை மூடிவிடுங்கள். கோப்புறைப் பெயர்களைக் குறிச்சொல்லாக (டேக்) சேர்க்கட்டுமா என்றும் கேட்கும். நான் யோசிக்காமல் ஆமாம் என்றேன். "புதிய கோப்புறை", "புதிய கோப்புறை 2", "பார்க்க", "கண்டிப்பாகப் பார்க்க" எல்லாம் குறிச்சொல்லாக வந்து உட்கார்ந்துகொண்டன. உங்கள் கோப்புறைகள் என்னுடையவை போல இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உண்மையில், 2,300-ஐயும் கொண்டுவந்ததே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அக்கா மகளிடம் வேறு மாதிரி சொன்னேன்: பழையதை ஒரு எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து ஓரமாக வை, புக்குவை வெறுமையாகத் தொடங்கு, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்துச் சேர். அந்தக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். "நெட்ஸ்கேப் புக்மார்க்" என்று இருக்கும். 1994-இல் வந்த உலாவியின் பெயரை இன்றைய உலாவிகளும் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. அந்த வடிவம் அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகாது, ஓரமாக வைக்கத் தயங்க வேண்டாம்.

சரி, சேர்ப்பது. புக்கு, ஒற்றைக் கோடு, சிறிய ஏ, பிறகு முகவரி, பிறகு காற்புள்ளி இட்ட குறிச்சொற்கள். பக்கத்தின் தலைப்பை அதுவே வலையிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரே முகவரியை இரண்டாவது முறை கொடுத்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். மூன்று முறை சேமிக்கும் என் போன்றவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முகவரியை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். முகவரிக்குள் & வந்தால், டெர்மினல் அதைக் கட்டளையின் முடிவு என்று எடுத்துக்கொண்டு, அதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட விட்டுவிடும். பாதி முகவரிதான் சேமிக்கப்படும், மீதியைத் தனிக் கட்டளையாக ஓட்டிப் பார்க்கும். கேள்விக்குறி வந்தால் சில ஷெல்கள் (டெர்மினலுக்குள் நம் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்கள்) அப்படி ஒரு கோப்பு இல்லை என்று முறைக்கும். நான் ஒரு வாரம் பாதி முகவரிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன், தெரியாமலே. இன்னொன்று: யூடிஎம் என்று தொடங்கும் வால் முகவரியில் தொங்கினால் வெட்டிவிடுங்கள். நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று வேவு பார்க்கத்தான் அது. பக்கம் திறக்க அது தேவையில்லை. வாலோடு ஒன்று, வாலில்லாமல் ஒன்று என்று வந்தால் புக்குவுக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள்.

அடுத்தது குறிப்பு. இதற்காகத்தான் நான் உலாவியை விட்டு இங்கே வந்தேன். ஒற்றைக் கோடு, சிறிய சி, பிறகு மேற்கோளுக்குள் ஒரு வாக்கியம். அதில் பக்கம் எதைப் பற்றியது என்று எழுதாதீர்கள், அது தலைப்பிலேயே இருக்கிறது. ஏன் சேமிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். "நிலப்பத்திர மொழிபெயர்ப்பில் 'கிரையம்' தகராறு வந்தபோது பார்த்தது" என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்துப் பக்கத்தின் தலைப்பு எனக்கு ஞாபகம் இருக்காது, தகராறு ஞாபகம் இருக்கும். காரணம் எழுத வரவில்லையென்றால் அந்தப் பக்கத்தைச் சேமிப்பதில்லை. இப்போது நாளுக்கு ஒன்றிரண்டுதான் சேர்கிறது.

தேடுவதில்தான் தமிழுக்கென்று தனி வேலை இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சிறிய எஸ் போட்டால், கொடுத்த சொற்களில் ஏதாவது ஒன்று இருக்கும் பதிவுகள் வரும். பெரிய எஸ் என்றால் எல்லாச் சொற்களும் இருக்க வேண்டும். ஆனால் வழக்கத்தில் புக்கு முழுச் சொல்லாகத்தான் தேடும். சொல் எங்கே முடிகிறது என்று பைத்தான் தீர்மானிக்கும் விதத்தில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு சேர்த்தி இல்லை. அதனால் "தமிழ்" என்று தேடினால் என் கணினியில் வெறுங்கை. அதே பட்டியலில் தமிழ் என்று நூறு இடத்தில் இருந்தது! கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இரட்டைக் கோடு போட்டு டீப் என்று சேர்த்தால் சொல்லின் துண்டையும் தேடும். அதற்குப் பிறகு வந்துவிட்டது. தமிழில் தேடுகிறவர்கள் டீப் இல்லாமல் தேடவே வேண்டாம்.

டீப் இருந்தாலும் இன்னொரு சூட்சுமம் உண்டு. "எழுத்தாளர்" என்று தேடினால் "எழுத்தாளரின்" என்று இருக்கும் பதிவு சிக்காது. நம் கண்ணுக்கு ஒன்று மற்றதற்குள் இருப்பது போலத் தெரியும். கணினிக்கு முன்னது ர-வுக்குப் பின் புள்ளி, பின்னது ர-வுக்குப் பின் இகரக் கொக்கி. எனவே கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "எழுத்தாளர" என்று தேடுங்கள். எழுத்தாளர், எழுத்தாளரின், எழுத்தாளருக்கு எல்லாமே வரும். மகரத்தில் முடியும் சொல்லென்றால் மகரத்தையே விட்டுவிடுங்கள். "இலக்கண" என்றால் இலக்கணமும் வரும், இலக்கணத்தில் என்பதும் வரும். இலக்கணம் படித்தது இதற்காவது உதவுகிறதே.

அப்படியும் அகப்படவில்லையென்றால் ஒகரத்தைச் சந்தேகப்படுங்கள். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடுவது ஒரு வழி, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போடுவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு பக்கத்தின் தலைப்பு இரண்டாவது வகையில் இருந்து, உங்கள் விசைப்பலகை முதல் வகையில் அடித்தால் இரண்டும் பொருந்தாது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். இரட்டைக் கோடு டைட்டில் என்று போட்டுத் தலைப்பை நானே என் விசைப்பலகையில் அடித்துவிடுவதுதான் நான் கண்ட எளிய வழி.

முகவரியிலும் தமிழை நம்பாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை உலாவியிலிருந்து நகல் எடுத்தால் % குறிகளாகக் கொட்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஒரு பைட்டை முகவரியில் எழுத மூன்று எழுத்து, ஆக ஒன்பது. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள் இருக்கின்றன. அந்த ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும். அதற்குள் போய்த் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. தலைப்பும் குறிப்பும் குறிச்சொல்லும்தான் கதி.

இவ்வளவையும் தினமும் யார் அடிப்பது? இங்கேதான் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன், போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டெர்மினலில் அலையாஸ் என்று ஒரு வசதி உண்டு, நீண்ட கட்டளைக்குச் செல்லப்பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் தமிழிலேயே இருக்கலாம். பேஷ் என்ற ஷெல்லைப் பயன்படுத்துகிறவர்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள புள்ளி-பேஷ்-ஆர்சி கோப்பைத் திறந்து, அலையாஸ் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, தேடு, சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள் புக்கு, இரட்டைக் கோடு டீப், ஒற்றைக் கோடு பெரிய எஸ் என்று ஒரு வரி எழுதுங்கள். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. அடுத்த வரியில் இதே மாதிரி சேர், மேற்கோளுக்குள் புக்கு ஒற்றைக் கோடு சிறிய ஏ. புது டெர்மினலைத் திறந்தால், தேடு எழுத்தாளர பதிப்புரிம என்று அடிக்கலாம். விடைகள் எண் போட்டு வரிசையாக வரும். எண்ணை அடித்தால் உலாவியில் திறக்கும், கியூ அடித்தால் வெளியே வந்துவிடலாம்.

எடு என்று மூன்றாவது செல்லப்பெயரும் வைத்திருக்கிறேன். புக்குவில் ஒற்றைக் கோடு, பாண்டியின் சிறிய பி, பிறகு ஒற்றைக் கோடு எஃப் 4 என்றால் எண், முகவரி, தலைப்பு, குறிச்சொல் எல்லாம் ஒரு பதிவுக்கு ஒரு வரியாக, டேப் பிரித்து வரும். அதைக் குழாய்க் குறி வழியாக எஃப்-ஸெட்-எஃப் என்ற பட்டியல் வடிகட்டும் கருவிக்குள் விட்டால், அடிக்க அடிக்கப் பட்டியல் சுருங்கும். தேர்ந்த வரியில் கட் கட்டளையால் இரண்டாவது நெடுவரிசையை வெட்டி எடுத்தால் முகவரி கையில். பெயர் சரியாக ஞாபகம் இல்லாத நாட்களில் இதுதான் கைகொடுக்கிறது.

நீக்குவதில் கவனம் வேண்டும். ஒற்றைக் கோடு, டெல்லியின் சிறிய டி, பிறகு பதிவு எண். ஒரு பதிவை நீக்கியதும், பட்டியலின் கடைசிப் பதிவு எழுந்து வந்து அந்தக் காலி எண்ணில் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இது தெரியாது. 12-ஐ நீக்கினேன், பார்த்தால் 12 இன்னும் இருந்தது, நீங்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி நீக்கினேன். முந்தின நாள் சேர்த்த அருமையான ஒரு சொல்லகராதி போனது. எண்களை எங்கும் குறித்து வைக்காதீர்கள், அவை மாறும். எண்ணே கொடுக்காமல் டி மட்டும் அடித்தால் எல்லாவற்றையும் நீக்கட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பழக்கதோஷத்தில் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

குறிச்சொற்களை ரொம்பப் பெருக்க வேண்டாம். ஒற்றைக் கோடு, டைகரின் சிறிய டீ மட்டும் (நீக்கும் டெல்லியின் டி அல்ல) அடித்தால், எந்தக் குறிச்சொல் எத்தனை பதிவில் என்று பட்டியல் வரும். ஒன்றிலேயே நிற்பவை பெரும்பாலும் எழுத்துப்பிழைகள். எனக்கு "அகராதி", "அகராதிகள்", "அகரதி" மூன்றும் இருந்தன. இரட்டைக் கோடு ரீப்ளேஸ், பழையது, புதியது என்று கொடுத்தால் எல்லாப் பதிவிலும் மாறிவிடும்.

செத்த சுட்டிகளுக்கு, முகவரியை டெர்மினலிலிருந்தே கேட்டுப் பார்க்கும் கர்ல் என்ற கருவி போதும். புக்குவில் முன்பு சொன்ன பி-யோடு எஃப் 10 என்றால் முகவரி மட்டும் வரும். ஒவ்வொன்றையும் கர்லுக்குக் கொடுத்து விடை எண்ணை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். 404 என்றால் பக்கம் இல்லை. 403 வந்தால் உடனே நீக்காதீர்கள், கருவிகளை உள்ளே விடாத தளமாக இருக்கும், உலாவியில் நன்றாகத் திறக்கும். உண்மையிலேயே போய்விட்ட பக்கத்துக்கு, புக்குவில் இரட்டைக் கோடு கேச்டு, பதிவு எண் என்று கொடுத்தால் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் உள்ள பிரதியைத் திறக்கும். அங்கே பிரதி இருந்தால்தான். எனவே முக்கியமான பக்கமென்றால், சேமிக்கும் அன்றே வேபேக் தளத்திலும் ஒரு பிரதி எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, காப்பு. எல்லாம் இருப்பது வீட்டுக் கோப்புறையில் புள்ளி-லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் புக்கு, அங்கே புக்மார்க்ஸ் புள்ளி டிபி என்ற ஒரே கோப்பில். அதை நகல் எடுத்தால் முடிந்தது. மாதம் ஒரு முறை, சிறிய ஈ போட்டு, எம்டி என்று முடியும் கோப்புக்கு ஏற்றுமதியும் செய்கிறேன். எந்த உரைத் திருத்தியிலும் படிக்கலாம். எச்டிஎம்எல் என்று முடித்தால் உலாவிகள் ஏற்கும் அந்த நெட்ஸ்கேப் வடிவம் வரும். கோப்பைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு, சிறிய எல் பூட்டும், சிறிய கே திறக்கும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை. எனக்கு அவ்வளவு ரகசியம் ஒன்றும் இல்லாததால் பூட்டுவதில்லை.

அக்கா மகள் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். பதினான்கு பதிவுகள், எல்லாவற்றிலும் குறிப்பு இருந்தது. நாலாவது பதிவின் குறிப்பு: "மாமா சொன்னார், ஏன் என்று அப்புறம் கேட்க வேண்டும்."