பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரில் தொடங்குங்கள்

வேலந்தாவளத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் செல்பேசிக்குத் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும். கொல்லைப்புறத் தென்னந்தோப்புக்குப் போனால் கேரளா. இரண்டு ஆண்டுக்கு முன், பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுவிரியன் கடித்த இரவில் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தேன். எடுத்தவர், கோயம்புத்தூர் மாவட்டத்தில் எந்த ஊர் என்று கேட்டார். பாலக்காடு மாவட்டம் என்று புரியவைப்பதற்குள் ஆட்டோவே வந்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். முப்பத்தொரு ஆண்டு தொலைபேசிக் கம்பத்தில் ஏறி இறங்கிய எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவசர அழைப்புக்கும் டவருக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த விதிப்படி செலவாகிறது என்று தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் எந்தப் பணம் என்று பிரித்துப் பாருங்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் மருமகன், அமெரிக்க அவசர எண்ணான 911 சேவைக்கென்று ஒவ்வொரு இணைப்புக்கும் மாதம் 90 சென்ட் கட்டுகிறார். பில்லில் தனியாகவே அச்சாகி வருகிறது. அதை மாநிலப் பொதுக் கஜானாவுக்குத் திருப்புவது தகாத செலவு என்று அமெரிக்க மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் 2021-இல் விதி செய்தது. நம்மிடம் அப்படித் தனிக் கட்டணம் கிடையாது. 112 திட்டத்துக்கு, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து பணம் வருகிறது. ஆனால் தொலைபேசி நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாய்) 5 சதவீதம் இன்னொரு நிதிக்குப் போகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரிட்டது. 2024-இல் விதிகள் வந்தன. பின்தங்கிய ஊர்களுக்குத் தொலைபேசிச் சேவை கொண்டுபோவது அதன் வேலைகளில் ஒன்று. நாம் பிடிக்க வேண்டிய நூல் அதுதான்.

அடுத்து, தகவல் உரிமை மனு. மத்திய அலுவலகத்துக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். கேரள அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். நான் முதல் மனுவில் "எங்கள் எல்லைக்கு ஏன் நல்ல டவர் இல்லை?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஒற்றை வரியில் கையை விரித்துவிட்டார்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்து வந்த முன்மொழிவுகளின் நகல், அவற்றின் மீது அதிகாரிகள் எழுதிய குறிப்புகள், ஒதுக்கிய தொகை, செலவான தொகை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

விதியையே எதிர்ப்பதாக இருந்தால், அது வரைவாக அரசிதழில் வரும்போதே பிடித்துவிடுவது நல்லது. ஆட்சேபத்துக்கு அதிலேயே கெடு போட்டிருப்பார்கள். திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. விதி எண்ணைச் சொல்லி, இந்தச் சொற்களை எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள் என்று மாற்று வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு. நான் தமிழில்தான் எழுதுகிறேன். படிக்க ஆள் தேடுவது அவர்கள் பாடு.

விதி அமலுக்கு வந்துவிட்டதா? முதலில் துறைக்குக் கோரிக்கை மனு, பிறகு எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்படி ரிட் மனு. விதி எனக்குப் பிடிக்கவில்லை என்பது வழக்காகாது. நாடாளுமன்றச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை விதி தாண்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. சட்டத்தையும் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். அமெரிக்காவில் விதி அரசிதழில் வந்த 30 நாளுக்குள் அதே ஆணையத்திடம் மறுபரிசீலனை கேட்கவும் வழியுண்டு. இங்கே அப்படிக் கெடு இல்லையென்றாலும், தாமதித்தால் நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். வருமானச் சான்றிதழ் தேவையில்லை.

எல்லாக் கடிதத்தையும் ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். என் முதல் மேல்முறையீட்டுக்கான சான்று வந்துவிட்டது. பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் வர வேண்டிய 30 நாள் வருகிற செவ்வாயோடு முடிகிறது.