வட்டாரத் திட்டத்துக்கு நிலவள வரைபடங்களை அடுக்குவது எப்படி

வரைபடம் தேடுவதற்கு முன் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். "இங்கே என்ன வளம் இருக்கிறது?" என்று கேட்டால் அலமாரி நிறைய வரைபடம் சேரும், முடிவு வராது. "புதுக் குடியிருப்புக்கு 200 ஹெக்டேர் எங்கே கிடைக்கும், எந்த விளைநிலத்தைத் தொடக்கூடாது?" என்று கேட்டால் சரிவு, மண், வெள்ளம் ஏறும் இடம், நிலத்தடி நீர், இன்றைய நிலப்பயன்பாடு, சாலை ஆகிய ஆறு அடுக்குகளே பெரும்பாலும் போதும். கூடக் கூட ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணத் தொடங்குவோம். செங்குத்தான இடத்தில் மண் ஆழமும் பொதுவாகக் குறைவுதானே.

அடுத்து ஒவ்வொன்றின் அளவையையும் குறித்துக்கொள்ளுங்கள். 1:50,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். அதில் 5 மி.மீ. சதுரம் 6.25 ஹெக்டேர், அதைவிடச் சிறிய மண் திட்டு அநேகமாக வரையப்பட்டே இருக்காது. 1:2,50,000 எனில் அதே சதுரம் 156 ஹெக்டேர். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் வராது. அடுக்குகளில் எது மிகப் பரும்படியோ, அதன் நுணுக்கம்தான் முடிவுக்கும்.

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் ஏற்றியதும் எல்லா அடுக்குகளையும் மீட்டரில் அளக்கும் ஒரே ஆள்கூற்று முறைக்கு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) மாற்றுங்கள். உலகை வடக்குத் தெற்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் வட்டாரம் இரண்டு மண்டலங்களில் விழுந்தால் ஒன்றை மட்டும் எடுத்து எல்லாவற்றுக்கும் வையுங்கள். மீட்டருக்கு மாற்றாமல் சரிவைக் கணக்கிட்டால் உயரம் மீட்டரிலும் தூரம் பாகையிலும் இருக்கும். சமவெளிகூட 90 பாகைக்கு நெருக்கமாகச் செங்குத்தாகத் தெரியும். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் இன்னொரு சிக்கல்: அடர்ந்த காட்டில் அது தரையைவிட மர உச்சிக்கு நெருக்கமாக அளந்திருக்கும். காட்டின் ஓரத்தில் திடீர்ச் சரிவு தெரிந்தால் நம்பிவிடாதீர்கள்.

அடுத்து ஒவ்வொரு இடத்துக்கும் அடுக்குவாரியாக 5க்கு மதிப்பெண் தந்து, எடை வைத்துக் கூட்டுவோம். இந்தப் படியில்தான் திட்டங்கள் அதிகம் கெடுகின்றன. கட்டவே கூடாத இடங்களை மதிப்பெண் கணக்கில் சேர்க்காதீர்கள். சரிவுக்கு 25, மண்ணுக்கு 25, சாலைக்கு 30, வெள்ளத்துக்கு 20 விழுக்காடு எடை என்று வைப்போம். முதல் மூன்றிலும் 5க்கு 5 வாங்கிய ஆற்றோரம் வெள்ளத்தில் 1 வாங்கினாலும் மொத்தம் 4.2! வரைபடம் அதை நல்ல மனையாகக் காட்டும். ஆகவே வெள்ளப் பகுதி, நீர்நிலை, காப்புக்காடு போன்றவற்றை 0 அல்லது 1 என்ற தனி அடுக்காகச் செய்து, கடைசியில் மதிப்பெண்ணோடு பெருக்குங்கள். 0 விழுந்த இடத்தை வேறு எந்தச் சிறப்பும் காப்பாற்றாது.

எடைகள் யாரோ ஒருவரின் கருத்துதான், மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் 10 விழுக்காடு ஏற்றியும் இறக்கியும், மொத்தம் 100 ஆகும்படி மற்றவற்றைச் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். எல்லா ஓட்டத்திலும் மேலே நிற்கும் இடங்களை ஒரு நிறத்திலும், ஏறி இறங்கும் இடங்களை வேறு நிறத்திலும் காட்டுங்கள்.

நிலப்பயன்பாட்டுக்கு ஒரு பருவப் படம் போதாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பிக்சல் 10 மீட்டர்தான், நுணுக்கத்தில் குறையில்லை. ஆனால் அறுவடைக்குப் பின் எடுத்த படத்தில் நன்செய்யும் தரிசாகத் தெரியும். மழைக்காலம், கோடை இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்போதும் "தரிசு" என்று வந்த இடத்தை நேரில் பாருங்கள். பல சமயம் அது மேய்ச்சல் நிலம், அதை நம்பி வாழ்பவர்கள் இருப்பார்கள்.

களச் சோதனைக்கு நிலப்பயன்பாட்டு வகை ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளிகளாவது, கண்ணுக்குப் பிடித்த இடமாக இல்லாமல் குலுக்கலில் எடுங்கள். சாலையோரமாக மட்டும் பார்த்துத் திரும்பினால் துல்லியம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். நான்கு அடுக்குகள் ஒவ்வொன்றும் 90 விழுக்காடு சரி, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றாலும், நான்கும் ஒரே இடத்தில் சரியாக இருக்கும் வாய்ப்பு 66 விழுக்காடுதான். இறுதி வரைபடத்தின் ஓரத்தில் ஒவ்வொரு அடுக்கின் ஆண்டையும் அளவையையும் அச்சிடுங்கள். மனை எல்லை வரை இறங்கும் முடிவு எதுவானாலும் தனி நில அளவையும் மண் சோதனையும் செய்த பிறகே எடுக்க வேண்டும்.