பனை வேரில் எக்டோமைக்கோரைசா தேட வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வேர்ப் பங்கசு பற்றிச் செயற்திட்டம் செய்ய நினைக்கிற மாணவர்கள் முதலில் பிழை விடுவது மரத்தைத் தெரிவு செய்வதில்தான். வேரும் பங்கசும் கூடி வாழ்வதை மைக்கோரைசா என்பார்கள். அதில் ஒரு வகையான எக்டோமைக்கோரைசா (சுருக்கமாக எக்டோ) எல்லா மரத்திலும் வராது. நிலத்தாவர இனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டில்தான் அது உண்டு. நம் பனை, தென்னை, வேம்பு, மா எல்லாம் ஆர்பஸ்குலர் என்ற வேறொரு வகைப் பங்கசோடு வாழ்பவை. அது வேர்க்கலத்துக்குள்ளேயே புகுந்துவிடும். சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும். எக்டோப் பங்கசோ வேர் நுனியை வெளியே உறையாக மூடும், கலங்களுக்கு இடையில் வலையாகப் படரும், கலத்துக்குள் போகாது. பனை வேரில் உறையைக் காணவில்லை என்பதற்காக "பங்கசே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

காரைநகர் கசூரினாக் கடற்கரையின் சவுக்கு இன்னும் பொல்லாதது. வேரில் பவளக் கொத்துப் போல முடிச்சுகள் இருக்கும். பார்த்தவுடன் எக்டோ கிடைத்துவிட்டது என்று துள்ளத் தோன்றும். ஆனால் அவை பிராங்கியா என்ற பக்டீரியா நைதரசன் பதிக்கும் முடிச்சுகள். சவுக்கில் மைக்கோரைசாவும் வரக்கூடும் என்பதால் குழப்பம் கூடுகிறது. குறுக்குவெட்டு எடுங்கள், பங்கசு உறையும் கலங்களுக்கு இடையிலான ஹார்டிக் வலையும் தெரியாவிட்டால் எக்டோ என்று குறிக்காதீர்கள்.

சரி, உண்மையான எக்டோ வேண்டுமென்றால் தெற்கே போக வேண்டும். சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளில் எக்டோ வாழும் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள், ஹொர முதலானவை, இருக்கின்றன. அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அங்கே எல்லோரும் விடும் பிழை, மரத்தடியில் காளான்களை எண்ணி அதுதான் பங்கசுச் சமுதாயம் என்று முடிவு கட்டுவது. மேலே நிறையக் காளான் விடும் இனம் கீழே வேர் நுனிகளில் அரிதாக இருக்கலாம். டொமென்டெல்லா என்ற எக்டோப் பங்கசு விழுந்த கட்டையின் அடியில் மெல்லிய படலமாகவே காய்க்கும், யார் கண்ணிலும் படாது. உலகின் பல காடுகளில் வேர் நுனியைக் கருப்பாக மூடும் செனோகொக்கம் என்ற பங்கசு காளானே விடுவதில்லை. என்னைக் கேட்டால், காளான் பட்டியலை மட்டும் வைத்து எழுதிய அறிக்கையைச் சமுதாய ஆய்வு என்றே சொல்லக்கூடாது.

வேரை மண்ணோடு எடுங்கள். காய்ந்தால் எல்லா நுனியும் கறுத்துச் சுருங்கும், அப்புறம் செனோகொக்கம் எது, செத்த நுனி எது என்று பிரிக்க முடியாது. பொலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை பஸ் வெக்கையில் சும்மா கிடக்க விடக்கூடாது.

ஒரே மரத்தடியில் பத்து இடம் தோண்டிவிட்டு "பத்து மாதிரி" என்பதும் வேண்டாம். ஒரே பங்கசின் உடல் சில மீற்றர் தூரம்கூடப் பரவியிருக்கலாம். வெவ்வேறு மரங்களுக்குப் போங்கள்.

டிஎன்ஏ செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஒரு இனத்துக்கு வாசிப்புகள் (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகள்) அதிகம் வந்தால் அந்த இனம் வேரிலும் அதே அளவு அதிகம் என்று ஆகாது. ஆய்வுகூடத்தில் டிஎன்ஏயைப் பிரதியெடுக்கும் வேகமும் கலத்தில் உள்ள மரபணுப் பிரதிகளின் எண்ணிக்கையும் இனத்துக்கு இனம் மாறும். வெப்பவலயப் பங்கசுகள் பலவற்றுக்குத் தரவுத்தளத்தில் பெயரே கிடையாது. கிட்டத்தட்டப் பொருந்தும் ஐரோப்பிய இனத்தின் பெயரை ஒட்டாமல், பேரினத்தோடு நிறுத்துங்கள்.